சிடிபிஜி காசு உங்க தெருவுக்கு வந்துச்சா? பாக்கறது இப்படித்தான்

அமெரிக்கால இருக்குற நம்ம ஆளுங்க ப்ராபர்ட்டி டாக்ஸ் பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க, ஆனா வருஷா வருஷம் வாஷிங்டன்ல இருந்து சிட்டிக்கு நேரா வந்து இறங்குற சிடிபிஜி பணம் பத்தி கேட்டா முழிப்பாங்க. கம்யூனிட்டி டெவலப்மென்ட் பிளாக் கிரான்ட்ங்கறதைத்தான் சுருக்கி சிடிபிஜின்னு சொல்றது. 1974ல அப்ப பிரசிடென்ட்டா இருந்த ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்து போட்ட சட்டத்துல வந்தது. பொதுவா 50,000 பேருக்கு மேல இருக்குற சிட்டின்னா ஹட் டிபார்ட்மென்ட் (மத்திய அரசோட வீட்டுவசதி, நகர வளர்ச்சி துறை) ஃபார்முலா போட்டு நேராவே குடுத்துடும், சின்ன ஊர்னா கவுன்டி இல்லாட்டி ஸ்டேட் வழியா வரும்.

முதல்ல ரூல் ரெண்டு மூணு தெரிஞ்சுக்கோங்க, இது தெரியாம பேப்பரை திறந்தா தலையும் புரியாது வாலும் புரியாது. செலவு பண்றதுல குறைஞ்சது 70 சதவீதம் வருமானம் கம்மியா இருக்குறவங்களுக்கு பயன்படணும், அதாவது அந்த ஏரியாவோட மீடியன் வருமானத்துல 80 சதவீதத்துக்கு மேல போகாத குடும்பங்க. டேகேர், முதியோருக்கு சாப்பாடு, சட்ட உதவி மாதிரி சர்வீஸ் வேலைக்கு 15 சதவீதம் தான் லிமிட். பிளானிங், ஆபீஸ் செலவுக்கு 20 சதவீதம். சிட்டி ஹால் கட்டிடத்துக்கு பெயின்ட் அடிக்கிறதெல்லாம் இந்த காசுல பண்ணக்கூடாது.

இப்ப தேடுறது எப்படின்னு பாப்போம். உங்க சிட்டி வெப்சைட்ல ஆக்‌ஷன் பிளான்னு போட்டு தேடுங்க, அது இந்த வருஷம் என்ன பண்ணப்போறோம்ங்கற லிஸ்ட். அதுல ஏபி-35ன்னு ஒரு செக்‌ஷன்ல ப்ராஜெக்ட் எல்லாம் வரிசையா இருக்கும், ஏபி-50ல எந்த ஏரியாவுக்கு எவ்வளவுன்னு இருக்கும். அடுத்து கேப்பர்ங்கற ரிப்போர்ட்டை எடுங்க, இது சிட்டியோட சிடிபிஜி கணக்கு வருஷம் முடிஞ்சு 90 நாளுக்குள்ள சிட்டி ஹட்டுக்கு குடுக்க வேண்டிய கணக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சு, போன வருஷ பிளான்ல சொன்னது கேப்பர்ல நடந்திருக்கான்னு ஒவ்வொண்ணா டிக் அடிங்க. பிளான்ல 20 வீட்டுக்கு ரூஃப் ரிப்பேர்னு இருக்கும், கேப்பர்ல 6ன்னு இருக்கும், ஏன்னு ஒரு வரி சமாதானம் எழுதியிருப்பாங்க. அந்த ஒரு வரில தான் விஷயமே இருக்கு. கேப்பர் கடைசில பிஆர்-26ன்னு ஒரு ஷீட் சேத்திருந்தா விடாதீங்க, அந்த 70, 15, 20 கணக்கு மூணும் ஒரே இடத்துல கிடைச்சுடும்.

ஆனா 70 சதவீதம் தாண்டியாச்சுன்னு பாத்துட்டு சந்தோஷப்பட்டு மூடிடாதீங்க. ரோடு, பார்க், பிளாட்ஃபார்ம் மாதிரி வேலைக்கு அந்த ஏரியால 51 சதவீதம் பேர் வருமானம் கம்மியா இருந்தா போதும், மொத்த செலவும் ஏழைங்களுக்கு போனதாவே கணக்காகும். சும்மா ஒரு உதாரணத்துக்கு 2 லட்சம் டாலர்ல ஒரு சைட்வாக் போடுறாங்கன்னு வைங்க, அந்த பிளாக் குரூப்ல, அதாவது சென்சஸ்ல பிரிச்ச சின்ன ஏரியால, 49 சதவீதம் பேர் வசதியானவங்களா இருந்தாலும், சைட்வாக் அந்த மேப்போட ஓரத்துல புதுசா வந்த காண்டோ வாசல்லயே போனாலும், பேப்பர்ல 2 லட்சமும் ஏழைங்களுக்கு தான். சட்டப்படி தப்பே இல்ல, அதான் கடுப்பே. அதனால சதவீதத்தை பாக்காம அட்ரஸை பாருங்க. எந்த தெருல இருந்து எந்த தெரு வரைக்கும் வேலைன்னு குறிச்சுக்கிட்டு, ஹட்டோட ஆன்லைன் மேப்ல வச்சு பாத்துட்டு, முடிஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமை நேர்ல நடந்து பாத்துடுங்க.

இன்னொண்ணு, வருஷம் முடிய 60 நாள் இருக்கும்போது ஒரு வருஷ கிரான்ட்ல ஒன்றரை மடங்குக்கு மேல செலவாகாம கிடக்கக்கூடாதுன்னு ரூல் இருக்கு. வேலையை இழுத்தடிச்ச சிட்டி அந்த நேரத்துல அவசர அவசரமா பிளானை மாத்தும். தீயணைப்பு வண்டி வாங்குறது மாதிரி சட்டுன்னு முடியுற செலவு திடீர்னு லிஸ்ட்ல வந்தா இதுதான் காரணமான்னு கேளுங்க. தப்புன்னு சொல்ல முடியாது, ஏழை ஏரியாவுக்கு ஓடுற வண்டின்னா அதுக்கும் அனுமதி உண்டு, ஆனா எந்த ப்ராஜெக்ட்ல இருந்து அந்த காசை எடுத்தாங்கன்னு கேக்காம விட்டுடாதீங்க. பெரிய மாற்றம்னா அதையும் 30 நாள் மக்கள் கருத்துக்கு வைக்கணும்.

சரி, கேக்குறது எங்க? டிராஃப்ட் ஆக்‌ஷன் பிளானுக்கு 30 நாள், கேப்பருக்கு 15 நாள் கமென்ட் டைம் இருக்கு, வருஷத்துக்கு குறைஞ்சது ரெண்டு பப்ளிக் ஹியரிங் வைக்கணும். ஹெச்1பில இருக்கேன், எனக்கு என்ன உரிமைன்னு நிறைய பேர் ஒதுங்குறாங்க, ஓட்டு வேற இது வேற, கமென்ட் பண்ண சிட்டிசனா இருக்கணும்னு இல்ல. வாயால சொல்லிட்டு வராதீங்க, எழுதி குடுங்க, வந்த கமென்ட்டோட சுருக்கத்தை பிளானோட சேத்து அனுப்பணும், ஏத்துக்கலன்னா ஏன்னு காரணமும் சொல்லணும். "எங்க ஏரியாவுக்கு ஏதாவது பண்ணுங்க"ன்னு எழுதினா ஒண்ணும் நடக்காது. இந்த தெரு, இந்த பள்ளிக்கூடம் பக்கம், லைட் இல்ல, போன வருஷ பிளான்ல இருந்துச்சு, கேப்பர்ல காணோம், இப்படி எழுதுங்க. புகார்னா எழுதி குடுத்தா முடிஞ்ச வரைக்கும் 15 வேலை நாள்ல எழுத்துல பதில் தரணும். கடைசி அஞ்சு வருஷ ரெக்கார்டையும் கேட்டு பாக்கலாம்.

கவுன்சில் ஓட்டு போடுற அன்னிக்கு போய் மைக் பிடிக்கறது வேஸ்ட், அதுக்குள்ள எல்லாம் முடிவாகியிருக்கும். கம்யூனிட்டி டெவலப்மென்ட் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டு, அடுத்த வருஷத்துக்கு நான்-ப்ராஃபிட்ங்க கிட்ட அப்ளிகேஷன் எப்ப வாங்குவீங்க, தேவை பத்தின முதல் ஹியரிங் என்னைக்குன்னு கேட்டு உங்க பேரை மெயிலிங் லிஸ்ட்ல சேத்துக்க சொல்லுங்க. புது கணக்கு வருஷம் ஜூலைல தொடங்குற ஊர்னா இந்த வேலை எல்லாம் பெரும்பாலும் குளிர்காலத்துலயே ஆரம்பிச்சுடும், அதனால தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடியே மெயிலை போட்டுடுங்க.