கொயில் மாறியது, குழி மாறவில்லை: 121 காரின் மிஸ்ஸிங்கை நாமே பிடிப்பது

ஆறு மாதத்துக்குள், பிளக்குக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் அனுப்பும் இக்னிஷன் கொயில் மூன்று போனது. மூன்றும் 2ஆம் சிலிண்டரில்தான். இரண்டாவது கொயில் உயிரை விட்ட இடம் புனானை, நேரம் இரவு எட்டரை. யானை நடமாடும் அந்தக் காட்டுப் பாதையில் ஒரு சிலிண்டர் எரியாமல் எஞ்சின் உதற உதற (இதுதான் மிஸ்ஸிங்), முப்பதுக்கு மேல் போகாத காரை வாழைச்சேனை வரை உருட்டிக்கொண்டு வந்தவனுக்குத்தான் இந்தப் பதிவின் அருமை தெரியும்.

என்னுடையது 2004ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121, 1என்இசட் எஞ்சின். ஜப்பானிலிருந்து காரோடு வந்த கொயில்கள் பதினேழு வருடம் ஓடியவை. இலங்கையில் வாகன இறக்குமதி 2020இல் நின்ற பிறகு ஊரிலுள்ள பழைய கார்களெல்லாம் சாமான் மாற்றி மாற்றித்தான் ஓடின. அந்தக் காலத்தில் போலிச் சாமானுக்கும் நல்ல சந்தை.

வேண்டிய சாமான்

10 இலக்க டீ ஸ்பேனர், 16 மில்லிமீற்றர் பிளக் சொக்கட், நீளமான எக்ஸ்டென்ஷன், டோர்ச், மல்டிமீற்றர். சொக்கட்டின் உள்ளே ரப்பரோ காந்தமோ இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிளக்கை அது உட்காரும் ஆழமான குழிக்குள் நழுவவிட்டு, தீப்பொறி பாயும் இடைவெளியை நெரித்துவிடுவீர்கள். ரட்செட்டை விட டீ ஸ்பேனர்தான் எனக்குப் பிடிக்கும். இறுக்கம் கைக்குத் தெரியும், போல்ட் முறியாது.

1. எந்தச் சிலிண்டர்?

காரின் கோளாறுக் கோட்டை வாசிக்கும் ஸ்கேனரில் பி0301 முதல் பி0304 வரை ஏதாவது கோட் வந்தால், கடைசி இலக்கம்தான் சிலிண்டர். 121இல் டிரைவர் பக்கம், பெல்ட் ஓடும் முனையில் இருப்பது 1. எந்தச் சிலிண்டரென்று சொல்லாத பி0300 மட்டும் வந்தால் ஒரு கொயிலைக் குற்றம் சொல்ல வேண்டாம். பெற்றோலோ காற்றுக் கசிவோ கூடக் காரணமாயிருக்கலாம்.

செக் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைச் சுட்டுவிடும். அதன் விலைக்கு ஒரு பெட்டி கொயில் வாங்கலாம்.

2. இடம் மாற்றிப் பாருங்கள்

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, மேல் மூடியைக் கழற்றுங்கள். 2இன் கொயிலை 3இலும் 3இன் கொயிலை 2இலும் பூட்டுங்கள். கொனெக்டரை வயரில் பிடித்து இழுக்காதீர்கள். இருபது வருட வெயிலிலும் சூட்டிலும் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி இருக்கும். கோட்டை அழித்துவிட்டு ஒரு ஓட்டம் ஓடுங்கள். நான் கல்லடிப் பாலம் தாண்டி ஆரையம்பதி வரை போய் வருவேன்.

இப்போது பி0303 வந்தால் கொயில்தான் குற்றவாளி. பி0302 அப்படியே நின்றால் பிளக், வயர், இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள்.

யூடியூப் பார்த்து மீற்றரால் கொயிலின் ஓம் அளக்கப் போகாதீர்கள். இதன் கொனெக்டரில் நாலு கம்பி. மின்சாரத்தை வெட்டி விடும் இக்னைட்டரும் கொயிலுக்குள்ளேயே இருக்கிறது. பழைய இரண்டு கம்பிக் கொயிலுக்குச் சொன்ன அளவு இதற்குப் பொருந்தாது. நான் அரைநாள் அளந்து, நல்ல கொயில் ஒன்றைக் குப்பையில் போட்டேன்.

3. குழிக்குள் பாருங்கள்

நான் விழுந்த இடம் இதுதான்.

முதல் கொயில் போனதும் டவுனில் ஒரு கடையில் “ஜெனியூன்” பெட்டியில் ஒன்று வாங்கினேன். ஆறு கிழமையில் போனது. கடைக்காரர், “எலக்ட்ரிக் சாமான் திரும்ப எடுக்கிறல்ல தம்பி” என்றார். போலிதான் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு, கொழும்பிலிருந்து கொம்பனிக் கொயிலையே எடுப்பித்தேன். அது நாலு மாதம் ஓடிவிட்டுப் போனது. அதுவும் போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செங்கலடிப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கொயிலைத் திருப்பியும் பார்க்கவில்லை. டோர்ச்சைக் குழிக்குள் அடித்தார். “கொயில மாத்திப்போட்டு மறுகா மறுகா வாறாய். இந்தக் குழியப் பாத்தியா?” அடியில் ஒயில் தேங்கிக் கிடந்தது. வால்வுகளை மூடியிருக்கும் டெப்பட் கவரின் ரப்பர் பெக்கிங் இறுகிப்போய் ஒயில் கசிந்திருக்கிறது. பிளக்கைக் கவ்வும் கொயிலின் ரப்பர் கால் ஒயிலில் ஊறி உப்பிப்போயிருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கீறினமாதிரி ஒரு கறுப்புக் கோடு.

அந்தக் கோடுதான் மூன்று கொயிலையும் தின்றது. கொயில் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திப் பிளக்குக்கு அனுப்புகிறது. முனையில் பாய்வதை விடப் பீங்கானின் வெளிப்புறமாக இறங்குவது சுலபமென்றால் மின்சாரம் அந்த வழியில்தான் இறங்கும். ஒருதரம் இறங்கினால் கரிக்கோடு விழும். பிறகு அதுவே பாதை. நான் ஒவ்வொரு தரமும் புதுக் கொயிலைக் கோடு விழுந்த அதே பழைய பிளக்கின் மேல் பூட்டியிருக்கிறேன். பிளக்கின் இடைவெளியும் தேய்ந்து 1.1 மில்லிமீற்றரை விட நன்றாக அகன்றிருந்தது. இடைவெளி கூடினால் அதைத் தாண்டக் கூடுதல் வோல்ட் வேண்டும். சுமை கொயிலின் தலையில்.

ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கள். கொயிலைக் கழற்றியதும், பிளக்கைத் தொடுமுன், குழியைச் சுத்தமாக்குங்கள். மண்ணென்றால் டயர் கடைக் கம்ப்ரசரால் ஊதலாம். ஒயிலென்றால் குச்சியில் சீலை சுற்றி ஒற்றி எடுங்கள். கோடு இருந்தால் நாலு பிளக்கையும் மாற்றி, பெக்கிங்கையும் மாற்றிவிட்டுத்தான் புதுக் கொயில். பிளக்கை முதலில் கையால் மரை பிடிக்க விடுங்கள். வாஷர் தொட்டபின் அரைச் சுற்றுப் போதும். ரப்பர் காலின் உள்விளிம்பில் சிலிக்கன் கிரீஸ் கொஞ்சம். சாதாரண கிரீஸ் பூசினால் ரப்பர் மறுபடி உப்பும்.

4. போலியைப் பிடிப்பது

அந்தக் கடைக் கொயில் போலியென்பது பிறகு உறுதியானது. எப்படியென்றால், பழைய ஜப்பான் கொயிலை எறியாமல் வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது எல்லாம் தெரிந்தது. இரண்டிலும் டென்சோ என்ற கொம்பனிப் பெயரும் 90919-02240 என்ற பாட்ஸ் நம்பரும்தான் இருந்தன. ஆனால் போலியின் எழுத்து தின்னர் தொட்ட சீலையில் கரைந்து வந்தது. பிளாஸ்டிக் ஒட்டுமிடத்தில் பிசிறு. பலசரக்குக் கடைத் தராசில் வைத்தால் எடையும் குறைவு. பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெட்டி அச்சடிப்பது அவர்களுக்குப் பெரிய வேலையில்லை.

பிளக்கிலும் போலி உண்டு. என் காருக்கான கே16ஆர்-யு11இல் ‘ஆர்’ என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்று அர்த்தம், ‘11’ என்பது 1.1 மில்லிமீற்றர் இடைவெளி. மேல் முனைக்கும் நடு முனைக்கும் மீற்றர் வைத்தால் சில ஆயிரம் ஓம் காட்டவேண்டும். பூச்சியத்தை ஒட்டி நின்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

கொம்பனி விலை கட்டாதென்றால், சொந்தப் பெயரில் வரும் மலிவுக் கொயிலே மேல். யார் செய்ததென்றாவது தெரியும். ஜப்பானில் பாவித்த கொயிலை நான் டிக்கியில் அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். எதை வாங்கினாலும் பில்லில் பாட்ஸ் நம்பரை எழுதச் சொல்லுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம், ஆனால் பில் கையில் இருக்கவேண்டும். என் கையில் இருந்தது “கொயில் 1” என்று கிறுக்கிய துண்டு.

பிறகு சேர்த்தவை

மலிவு புளூடூத் ஸ்கேனர் காரோடு பேசவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய கார்களில் இது நடக்கும். ஸ்கேனர் இல்லாமலும் பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி ஒரு கொயிலின் கொனெக்டரைக் கழற்றி, ஸ்டார்ட் பண்ணி அரை நிமிடம் கேளுங்கள். உதறல் கூடினால் அந்தச் சிலிண்டர் நன்றாக வேலை செய்தது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் ஆள். ஓடும்போது கழற்ற வேண்டாம், அடி வாங்குவீர்கள்.

கல்முனையிலிருந்து ஒருவர், ஒவ்வொரு சேர்விஸுக்குப் பிறகும் இரண்டு நாள் மிஸ் பண்ணுகிறது, ஆனால் ஒயில் ஒரு சொட்டும் இல்லை என்றார். எஞ்சின் கழுவுகிறார்களா என்று கேட்டேன். கழுவுகிறார்கள். அந்த வேகத்தில் அடிக்கும் தண்ணீர் குழிக்குள் இறங்கிவிடும். அடுத்த தரம் எஞ்சின் பக்கம் பைப்பைப் பிடிக்க விடாமல் நின்றிருக்கிறார். சேர்விஸ் பொடியனுக்குக் கோபம், காருக்கு ஒன்றுமில்லையாம்.