மவுஸை மகள் கையில் கொடுக்காதீர்கள்: நாற்பதில் ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் கற்பவர்கள் செய்யும் தவறுகள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் போனால் கோச்சிங் சென்டர் போர்டுகளை எண்ணி மாளாது. ஸ்போக்கன் இங்கிலீஷ் ஒரு மாடி, கணக்கு எழுதும் மென்பொருளான டேலி ஒரு மாடி, எம்.எஸ். ஆபீஸ் அதற்கு மேல் மாடி. நானும் முப்பத்தொன்பது வயதில் அந்தப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கியவன்தான். ஜவ்வரிசி வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பேரேட்டை மூடிவிட்டுத் திரை முன்னால் உட்கார வேண்டியதாகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் சந்தேகம் கேட்டு வருகிறார்கள். அவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, நான் ஏற்கெனவே காசு கட்டிச் செய்தவை.

முதல் தவறு, நம் வேலைக்கு என்ன வேண்டும் என்று பார்க்காமலே கோர்ஸில் சேர்வது. நான் சேர்ந்த இடத்தில் முதல் இரண்டு வாரம் பெயிண்டில் வீடு வரைந்தோம். பக்கத்தில் ஒரு தென்னை மரமும் உண்டு. எனக்குத் தேவைப்பட்டதோ இ-வே பில் (லாரியில் சரக்கு அனுப்ப ஆன்லைனில் போடும் ஜி.எஸ்.டி. சீட்டு), வங்கிக்கு அனுப்பும் பட்டியல், நாலு வரி மெயில். பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் பாக்கெட்டில் துண்டுச் சீட்டு வைத்திருங்கள். ஆபீஸில் எதற்கெல்லாம் "தம்பி, இதைக் கொஞ்சம் போட்டுக் கொடுப்பா" என்று கேட்கிறீர்களோ, அதையெல்லாம் அதில் எழுதுங்கள். உங்கள் பாடத்திட்டம் அந்தச் சீட்டுதான். அரசில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்கு டைப்ரைட்டிங் லோயர், ஹையர் சான்றிதழ் வேண்டும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல், 45 சொல் என்று கணக்கு இருக்கிறது. தனியார் கம்பெனியில் ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு அந்த வேகம் வேண்டியதில்லை.

அடுத்தது, ஆங்கிலம் தனி, கம்ப்யூட்டர் தனி என்று நினைப்பது. நம்மில் பலர் பட்டனை இடத்தை வைத்து மனப்பாடம் செய்கிறோம்: "மேலே இடது பக்கம் மூன்றாவது, அப்புறம் பச்சை கலர்." ஒரு நாள் காலையில் வெப்சைட்டின் முகத்தை மாற்றிவிடுகிறார்கள், கை நின்றுவிடுகிறது. இ-வே பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பார்ட் ஏ, பார்ட் பி என்று இரண்டு பகுதி. வழியில் லாரி மாறினால் பார்ட் பி-யில் புது நம்பரைப் போட்டுக்கொள்ளலாம். சரக்கு மதிப்போ வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணோ தப்பாகிப் போனால் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். ஜெனரேட், அப்டேட், கேன்சல், ரிஜெக்ட் என்ற நாலு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவருக்கு இது ஆங்கிலப் பிரச்சினையா, கம்ப்யூட்டர் பிரச்சினையா? உங்கள் திரையில் தினமும் தெரியும் ஐம்பது சொற்களை ஒரு நோட்டில் எழுதி அர்த்தம் தெரிந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு டென்ஸும் அட்டவணை போட்டுப் படிப்பதைவிட இதற்குப் பலன் சீக்கிரம்.

எக்செல் விஷயத்தில் என் சொந்தக் கதை ஒன்று. ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி விவசாயிகளுக்குப் பணம் அனுப்ப வங்கிக் கணக்கு எண்களை வரிசையாக அடித்தேன். ஒன்று இரண்டு 16 இலக்க எண்கள். அடித்து முடித்ததும் அவை நடுவில் புள்ளியும் கடைசியில் 'ஈ பிளஸ் 15'உமாகச் சுருங்கின. கட்டம் அகலமில்லை போல என்று நினைத்து, ஃபார்மட்டை நம்பராக மாற்றினேன். எண் முழுதாக வந்தது. சரி என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் அந்தப் பணம் மட்டும் திரும்பி வந்தது. எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கத்தைத்தான் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் இருப்பதைப் பூஜ்ஜியமாக்கிவிடும். கடைசியில் இருந்த 7, பூஜ்ஜியமாகிப் போயிருந்தது. பிறகு எந்த ஃபார்மட்டுக்கு மாற்றினாலும் அந்த 7 திரும்பி வராது. எண்ணை அடிப்பதற்கு முன்பே அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்ற வேண்டும், அல்லது முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்களுக்கும் இதுதான் வைத்தியம். இல்லையென்றால் முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் காணாமல் போகும். கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: நாம் எதையும் மாற்றாத வரை, எக்செல் எண்ணாக நினைப்பது கட்டத்தின் வலது ஓரம் ஒட்டும், எழுத்தாக நினைப்பது இடது ஓரம் ஒட்டும். தேதிக்கும் இதே சோதனைதான். ஆனால் நாளும் மாதமும் இடம் மாறினால் இதில் தெரியாது: சில கம்ப்யூட்டர்கள் அமெரிக்க வழக்கத்தில் செட் செய்யப்பட்டிருக்கும். அதில் 05/04 என்று அடித்தால் ஏப்ரல் 5 ஆகாது, மே 4 ஆகிவிடும்.

ஃபைல் பெயர் பற்றி ஒரே வரி. "புதுசு", "புதுசு2", "கடைசி", "இதுதான் கடைசி" என்று வைக்காமல் ஆண்டு, மாதம், நாள் என்று இந்த வரிசையில் தேதியை முன்னால் போட்டால் கம்ப்யூட்டரே அடுக்கிக் கொடுக்கும்.

இனி பேச்சு. நம் ஊரில் "அனுப்புங்க" என்று சொல்லும்போது அந்த 'ங்க' பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அதை இங்கேயே விட்டுவிட்டு, "யூ செண்ட் த பில்" என்று போய் நிற்கிறோம். எதிராளி காதுக்கு அது அதட்டல். சிலர் ஈடுகட்ட ஒவ்வொரு வரியிலும் மூன்று 'சார்' போடுவார்கள். அது தேவையில்லை, "குட் யூ ப்ளீஸ்" என்று தொடங்கினால் நம் 'ங்க' வந்துவிடும்.

'டவுட்' என்ற சொல் இன்னும் ஆபத்து. நமக்குச் சந்தேகம் என்றால் கேள்வி. "ஐ ஹாவ் எ டவுட் அபவுட் யுவர் பேமெண்ட்" என்று சென்னைக்காரருக்கு எழுதினால் அவர் புரிந்துகொள்வார். வெளிநாட்டில் இருப்பவர் படித்தால், 'இவர் நம்மை நம்பவில்லை' என்று முகம் சுளிப்பார். 'கொஸ்டின்' என்று போடுங்கள், முடிந்தது. ஆனால் 'ஆவன செய்யுங்கள்' என்பதற்கு "டூ த நீட்ஃபுல்" என்று எழுதினால் கேவலம் என்று யூடியூபில் பயமுறுத்துகிறவர்களை நான் கண்டுகொள்வதில்லை. நம் ஆபீஸ்களில் நன்றாகவே ஓடுகிற சொல் அது. அதை எழுதியதற்காக யாருக்கும் சம்பளம் குறைந்ததாகத் தெரியவில்லை.

"டிட் நாட் கேம்" என்பது மட்டும் திருத்திக்கொள்ள வேண்டியது. 'டிட்' வந்துவிட்டால் அடுத்த வினை அதன் அடிப்படை வடிவத்துக்குத் திரும்பிவிடும்: "டிட் நாட் கம்." இதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பழகினால் போதும். போனில் புரியாதபோது "ஓகே சார், ஓகே சார்" என்று தலையாட்டுவது இலக்கணப் பிழையைவிடப் பெரிய தவறு. இலக்கணம் தப்பினால் சிரிப்பார்கள். ஓகே தப்பினால் சரக்கு தப்பான ஊருக்குப் போகும். எண்ணையும் ஊர்ப் பெயரையும் திருப்பிச் சொல்லி, "இஸ் தட் ரைட்?" என்று கேட்டுவிடுங்கள்.

வயது வந்தவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று பாக்கி. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது எழுத்தராக இருக்கும் அண்ணன் ஒருவர் வருவார். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மடியில் லேப்டாப்போடு. ஆட்களின் வருகையைச் செக்ரோல் என்ற பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தவரை, எக்செலில் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதமாகியும் கூட்டல் போடத் தெரியவில்லை. என்ன என்று விசாரித்தால், வீட்டில் உட்கார்ந்ததும் ப்ளஸ் ஒன் படிக்கும் மகள், "தள்ளுப்பா" என்று மவுஸை வாங்கிப் பத்து விநாடியில் முடித்துக் கொடுத்துவிடுகிறாள். அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அது மகள் கைக்குத்தான் பழகுகிறது.

இனி மகள் வாயால் மட்டும் சொல்லட்டும், கை உங்களுடையதாக இருக்கட்டும் என்றேன். மறு ஞாயிறு வந்தபோது, நாற்பத்திரண்டு பேர் கணக்கை எடுத்துக் காட்டினார். ஒரு வரிசைக் கூட்டல் இடது ஓரம் ஒட்டியிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவரே, "அட, இது எழுத்தால்ல நிக்குது" என்று சொல்லிவிட்டு மவுஸைப் பிடித்தார்.