ஸ்பானிஷில் ‘வாங்கினால்’: இல்லாத காருக்கு நான் கொடுத்த வாடகை

போன சனிக்கிழமை என்னிடம் ஸ்பானிஷ் கற்கும் மூன்று பேர் அடுத்தடுத்து ஒரே பள்ளத்தில் விழுந்தார்கள். வாலென்சியாவில் நான் விழுந்த அதே பள்ளம். ‘வாங்கினால்’ என்று வெறும் கற்பனையாகச் சொல்ல ஸ்பானிஷில் தனி வினை வடிவம் உண்டு, பெயர் இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்டிவ். அதன் விகுதிப் பட்டியல் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு, அதில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன். கீழே ஸ்பானிஷ் சொற்களில் நெடில் வரும் இடத்தில் அழுத்தம் விழும்.

அகராதி வடிவத்திலிருந்து தொடங்குவது

‘கொமேர்’ (சாப்பிட) என்பதிலிருந்து கிளம்பினால் ‘கொமேர’ என்று இல்லாத சொல் பிறக்கும். ‘சாப்பிட்டார்கள்’ என்பதற்கான கொமியேரொன்னை எடுத்து, ‘ரொன்’னை வெட்டி, ‘ர’வை ஒட்டுங்கள்: கொமியேர. அப்படியே அப்லாரொன் (பேசினார்கள்), அப்லார; பிபியேரொன் (வாழ்ந்தார்கள்), பிபியேர. ஒழுங்கற்ற வினைகளுக்கும் இதே வெட்டுதான்.

கனவைத் திட்டமாகச் சொல்வது

வீட்டுக்கார அம்மா, கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடம் வேண்டுமா என்று கேட்டார். என்னிடம் காரும் இல்லை, வாங்கக் காசும் இல்லை. ‘கார் வாங்கினால் எடுத்துக்கொள்வேன்’ என்று மரியாதைக்குச் சொல்ல நினைத்து, ‘சி கோம்ப்ரொ உன் கோச்செ, ல அல்கீலொ’ என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இரண்டு மாதம் அந்த இடத்தை யாருக்கும் விடாமல் வைத்திருந்து, கார் எப்போது வருகிறது என்று கேட்டார். சமாதானத்துக்கு ஒரு மாத வாடகை, 60 யூரோ, கொடுத்தேன். இன்றும் எரிகிறது.

சொல்லியிருக்க வேண்டியது: ‘சி கொம்ப்ரார உன் கோச்செ, ல அல்கிலரீய.’ ‘சி’ நம் ‘வாங்கினால்’ என்பதிலுள்ள ‘ஆல்’ போல. கோம்ப்ரொ என்றால் வாங்குவது நடக்கக்கூடிய காரியம். கொம்ப்ரார என்றால் வெறும் பேச்சு.

நமக்கு இது ஏன் தப்புகிறது? தமிழில் ‘வாங்கினால்’ இரண்டுக்கும் பொது. திட்டமா கனவா என்பதைக் குரலும் சூழலும் சொல்லிவிடும்; ஸ்பானிஷில் வினை வடிவமே சொல்லியாக வேண்டும். இறந்தகாலத்திலிருந்து பிறந்த வடிவம் எப்படி நாளையைப் பேசும் என்று மட்டும் கேட்காதீர்கள். ‘நாளை வாங்கினால்’ என்பதில் உள்ள ‘இன்’ இறந்தகால இடைநிலைதான். அது நம்மை ஒருநாளும் உறுத்தியதில்லை.

‘சி’க்குப் பின் ‘ரீய’

‘ரீய’ அல்கிலரீயவில் போல ‘எடுத்துக்கொள்வேன்’ பாதிக்கு உரியது. அதை ‘சி’ பாதியில் போட்டு ‘சி கொம்ப்ரரீய’ என்று வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலும் புர்கோஸ் பக்கத்திலும் காதில் விழும். அங்கே வளர்ந்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். தேர்வுத் தாளில் நீங்கள் எழுதினால் மதிப்பெண் போகும்.

அழுத்தத்தை விழுங்குவது

அப்லார என்றால் ‘பேசினால்’ என்பதில் வரும் வடிவம். அப்லரா என்றால் ‘பேசுவார்’. எழுத்தில் கடைசி உயிரின் மேல் ஒரு சிறு கோடுதான் வித்தியாசம். குறில் நெடில் பார்த்து வளர்ந்த நாம் இதில் தடுமாறுவது எனக்குப் புரியவே இல்லை.

‘கோமொ சி’க்குப் (‘ஏதோ பேசுவது போல’ என்பதில் வரும் ‘போல’) பின் நிகழ்காலம்

கூடாது.

‘அப்லார’வா, ‘அப்லாசெ’யா?

ஒரே வடிவத்தின் இரண்டு உருவங்கள், இரண்டும் சரி. ‘ர’வைப் பிடித்துக்கொள்ளுங்கள், ‘செ’யைப் படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும்.