பல்லுக்குக் கம்பி: போடும் முன்பும் கழற்றிய பின்பும் செய்யக் கூடாதவை

பல்லுக்குக் கம்பி போடலாம் என்று பேச்சு வந்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு ஆகும் என்பது. அடுத்தது, எப்போது கழற்றலாம் என்பது. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்தக் கம்பி வாய்க்குள் என்ன வேலை செய்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அது தெரிந்தாலே பல தவறுகள் நடக்காது.

பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே நார்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. கம்பி பல்லைத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைந்து வழிவிடுகிறது. பல் விலகி வந்த பக்கத்தில் புது எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. இப்படிப் பல் நகர்வது மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். அழுத்தத்தைக் கூட்டினால் வேகமாக நகர்ந்துவிடாது. வலிதான் கூடும், வேரின் நுனி கரைந்து குட்டையாகும் ஆபத்தும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆவது இதனால்தான். “ஆறே மாதத்தில் அழகான பல்வரிசை” என்று யாராவது சொன்னால், எந்தப் பற்களை, எவ்வளவு தூரம் நகர்த்தப் போகிறீர்கள் என்று கேளுங்கள். முன்பல் இடைவெளியை மூடுவது மட்டும் என்றால் நடக்கலாம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கடிப்பதையே மாற்ற வேண்டும் என்றால் ஆறு மாதம் போதாது.

“பால்பல் எல்லாம் விழட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்பது நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்வது. கம்பி போடுவதற்கு அது பெரும்பாலும் சரிதான், ஆனால் டாக்டரிடம் காட்டுவதற்கு அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. 7 வயதுக்குள் ஒரு முறை காட்டிவிட வேண்டும் என்று அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்டுகள் (பல்சீரமைப்பு நிபுணர்கள்) சங்கம் சொல்கிறது. விரல் சூப்பும் பழக்கத்தால் முன்பற்கள் தள்ளிக்கொண்டு வருவது, கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே வந்து கடிப்பது போன்றவற்றைத் தாடை வளரும் வயதிலேயே எளிதாகத் திருத்தலாம். வளர்ச்சி நின்ற பிறகு, சிலருக்கு அதே குறைக்குத் தாடை அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும்.

இன்னொரு பக்கம், “இந்த வயசுல எதுக்குக் கம்பி?” என்று கூச்சப்பட்டே விட்டுவிடுகிறவர்கள். நாற்பதிலும் பல் நகரும். ஈறும் எலும்பும் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஈறில் ரத்தம் வந்தால் முதலில் அதற்கு வைத்தியம். சர்க்கரை இருந்தால் அது கட்டுக்குள் இருக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றில் சில பல் நகர்வதையே தடுக்கும்.

யாரிடம் போடுவது என்பதில் பலர் கவனமாக இருப்பதில்லை. பிடிஎஸ் படித்தவர் பல் டாக்டர். அதற்கு மேல் பல்சீரமைப்பில் மூன்று வருடம் எம்டிஎஸ் படித்தவர்தான் ஆர்த்தோடான்டிஸ்ட். உங்கள் கிளினிக்கில் அவர் வாரம் ஒரு நாள் வந்து பார்ப்பவராகக்கூட இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் திட்டம் போடுவதும் கம்பி மாற்றுவதும் அவர்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்ரே, பல் அச்சு எதுவும் எடுக்காமல் முதல் நாளே கம்பி ஒட்ட ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம். சொல்லும் தொகையில் எதெல்லாம் அடக்கம் என்பதையும் எழுதி வாங்குங்கள். பல் பிடுங்குவது, கழன்ற பிராக்கெட்டை (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) திரும்ப ஒட்டுவது, கம்பி கழற்றிய பின் பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கத் தரும் ரிடெய்னர், இந்த மூன்றுக்கும்தான் பிறகு தனியாகப் பில் வரும். செலவு கட்டுப்படியாகாது என்பவர்கள், சென்னை கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களை மறந்துவிட வேண்டாம். மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில்தான் பார்க்கிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், பொறுமை இருந்தால் நல்ல வழி அது.

“நல்ல பல்லை ஏன் பிடுங்கணும்?” என்ற கேள்வியில் பாசம் இருக்கிறது. ஆனால் இடமே இல்லாத தாடையில் எல்லாப் பல்லையும் வரிசையில் நிறுத்தினால் முன்பற்கள் வெளியே தள்ளும், உதடு மூடாது. அதற்காகத்தான் கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள சிறிய கடைவாய்ப்பற்களில் சிலவற்றை எடுக்கிறார்கள். அந்த இடைவெளி பின்னர் மூடிவிடும். எல்லோருக்கும் இது தேவைப்படாது. எடுக்காமல் செய்ய முடியுமா, செய்தால் முகம் எப்படி இருக்கும் என்று கேட்பது உங்கள் உரிமை. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் இன்னொரு ஆர்த்தோடான்டிஸ்டிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். டாக்டர் வேண்டும் என்றும் நீங்கள் வேண்டாம் என்றும் இழுத்துக்கொண்டே சிகிச்சையை ஆரம்பிப்பதுதான் மோசம்.

சரி, கம்பி போட்டாயிற்று. இனி நடக்கும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது சுத்தம் பற்றியது. இரண்டு வருடம் கழித்து பிராக்கெட்டை எடுக்கும்போது பல் வரிசையாக நிற்கும். ஆனால் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி, சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளைத் தழும்பு. அது கறை அல்ல. தேங்கிய அழுக்கிலிருந்த கிருமிகளின் அமிலம் எனாமலைக் கரைத்த தடம். ஒரே மாதத்தில்கூட அது தோன்றிவிடும், தேய்த்தாலும் போகாது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். காலையில் வேனுக்கு ஓடும் அவசரத்தில் பிரஷ்ஷை முன்பக்கம் இரண்டு இழுப்பு இழுத்தால் கம்பிக்கு மேலே உள்ள பகுதி தொடப்படவே இல்லை.

தேய்க்கும் விதம் இப்படி இருக்க வேண்டும்: முதலில் பிரஷ்ஷைச் சாய்த்து, ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே. அப்புறம் பிராக்கெட்டின் மேல். அப்புறம் கீழிருந்து மேல் நோக்கிச் சாய்த்து, கம்பிக்கு அடியில். ஒவ்வொரு பல்லுக்கும் இந்த மூன்று இடமும். மருந்துக்கடையில் கிடைக்கும், பாட்டில் கழுவும் பிரஷ் வடிவில் உள்ள குட்டிப் பல்லிடுக்கு பிரஷ்ஷைக் கம்பிக்கு அடியில் விட்டு எடுத்தால் மதியச் சாப்பாட்டின் கீரை அதில் வரும். ஃப்ளோரைடு பேஸ்ட், இரவில் கட்டாயம் ஒரு முறை. கண்ணாடி முன் நின்று பார்த்துத் தேய்க்க வேண்டும். பிராக்கெட்டின் விளிம்பு பளிச்சென்று தெரிந்தால் சுத்தம், மங்கலாக இருந்தால் இன்னும் இருக்கிறது.

சாப்பாட்டில் முறுக்கு, சீடை, தட்டை, கடலைமிட்டாய், பொங்கல் கரும்பு, எலும்புக் கடி எல்லாம் வேண்டாம். ஆப்பிள், கொய்யா, கேரட்டைத் துண்டு துண்டாக நறுக்கிக் கடைவாயில் மெல்லலாம். ஜவ்வு மிட்டாய் ஒட்டிக்கொண்டு பிராக்கெட்டையே இழுத்துவிடும். பல் நிறத்தில் செராமிக் பிராக்கெட் போடுபவர்களுக்கு ஒரு செய்தி: பிராக்கெட் அவ்வளவு எளிதில் நிறம் மாறாது, அதைக் கட்டியிருக்கும் தெளிவான ரப்பர் வளையம்தான் சாம்பார் மஞ்சளில் சில நாளிலேயே மஞ்சளாகும். வெளிர் சாம்பல் நிற வளையம் கேட்டால் அவ்வளவாகத் தெரியாது.

பிராக்கெட் கழன்றால் “அடுத்த முறை போகும்போது சொல்லிக்கலாம்” என்று விடுவது சாதாரணமாக நடக்கிறது. அந்தப் பல் அன்றிலிருந்தே நகர்வதை நிறுத்திவிடும், சில நேரம் எதிர்ப்பக்கம் திரும்பும். அன்றே போன் செய்து சொல்லுங்கள். கம்பி முனை கன்னத்தில் குத்தினால் டாக்டர் கொடுத்த மெழுகை உருட்டி வையுங்கள். வீட்டில் நகவெட்டியால் வெட்டினால் அந்தத் துண்டு தொண்டைக்குள் போகலாம். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொன்னால், பரீட்சை, திருவிழா என்று தள்ளிக்கொண்டே போகாதீர்கள். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் இணைத்து மாட்டும் ரப்பர் வளையமான எலாஸ்டிக் போடச் சொன்னால் சொன்ன நேரம் முழுக்கப் போட வேண்டும். நேற்று போடவில்லை என்று இன்று இரண்டாகப் போட்டால் பல்லுக்குத்தான் கேடு.

நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. பிளஸ் டூ முடித்து வேறு ஊர் விடுதிக்குப் போகும் பிள்ளை பாதிச் சிகிச்சையில் காணாமல் போவது ஒன்று. பத்தாம் வகுப்பிலோ பதினொன்றிலோ ஆரம்பிப்பவர்கள் இதை முதலிலேயே டாக்டரிடம் பேசுங்கள். போக வேண்டி வந்தால் எக்ஸ்ரே, அச்சு, சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போங்கள். இரண்டாவது, கல்யாணம். நிச்சயம் ஆனதும் “போட்டோவுக்கு முன்னாடி கழட்டிடுங்க” என்று வருகிறார்கள். பாதியில் கழற்றிய பல் மெல்லப் பழைய இடம் நோக்கிப் போகும். தேதி நெருங்கிவிட்டால் முன்பக்கக் கம்பியை மட்டும் சில நாள் எடுத்துவிட்டுத் திரும்பப் போட முடியுமா என்று கேளுங்கள்.

செலவுக்குப் பயந்து சிலர் வீடியோ பார்த்து முன்பல் சந்தில் ரப்பர் பேண்டு மாட்டிக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டவே வேண்டாம். பல் வேர் நோக்கிக் குறுகுவதால் ரப்பர் வழுக்கி ஈறுக்குள் போய், எலும்பை அழித்துவிடும். இதனால் முன்பற்களையே இழந்தவர்கள் உண்டு. நேரில் பார்க்காமல் தபாலில் வரும் அலைனரும் (கம்பிக்குப் பதில் பல்லின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை) நம்பத் தக்கதல்ல. அப்படி அலைனர் அனுப்பிவந்த அமெரிக்க நிறுவனமான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் திடீரென மூடப்பட்டபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

கடைசியாக ரிடெய்னர். இரண்டு வருட உழைப்பை வீணாக்குவது பெரும்பாலும் இதை அலட்சியம் செய்வதுதான். கம்பி கழற்றியதும் பல்லைச் சுற்றிய எலும்பு இறுக மாதங்கள் ஆகும். ஈறின் நார்கள் பழைய இழுப்பைக் கைவிட ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை பல் திரும்பப் பார்க்கும். அதற்குப் பிறகும் வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் நெருக்கமாவது இயல்பு. அதனால் முதல் சில மாதம் நாள் முழுக்கவும், பிறகு இரவில் மட்டுமாகப் பல வருடங்களும் போடச் சொல்வார்கள். சாப்பிடும்போது எடுத்து டிஷ்யூவில் சுற்றி வைத்தால் இலையோடு குப்பைக்குப் போய்விடும், டப்பாவில்தான் வைக்க வேண்டும். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். பல்லின் பின்னால் ஒட்டும் கம்பி ரிடெய்னர் என்றால், ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுப்போனாலும் வெளியே தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுங்கள்.

ரிடெய்னர் தொலைந்தாலோ உடைந்தாலோ அடுத்த மாதத்துக்குத் தள்ளாமல் அந்த வாரமே போய்ப் புதிதாக அச்சு கொடுங்கள். சில நாள் போடாமல் விட்டு மறுபடி போடும்போது இறுக்கமாக இருந்தாலும், முழுதாக உட்கார்ந்தால் தொடர்ந்து போடலாம். உட்காரவில்லை என்றால் கடித்து அழுத்தாதீர்கள், அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.