ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் எழுதும் முன்

மழைக்காலத்தில் "புழல் ஏரியைத் திறந்துட்டாங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தாலே அதன் உபரிநீர் ஓடும் வழியில் மணலி, சடையங்குப்பம் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிடுவார்கள், அதனால் மாவட்ட நிர்வாகம் அறிவித்திருக்கிறதா, இந்த வருடத்துச் செய்திதானா என்று பார்க்காமல் தயவுசெய்து அனுப்பாதீர்கள். மெசேஜின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது, இன்னும் சந்தேகப்படுங்கள்.

தண்ணி லாரி வரவில்லை என்று சண்டை வந்தால் லாரியைப் பற்றி மட்டும் பேசுங்கள், ஆளின் சாதியையும் வீட்டுப் பெண்களையும் இழுப்பது கேவலம். கோபத்தில் அனுப்பிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், அப்புறம் மன்னிப்பும் கேளுங்கள்.

யாருடைய போட்டோவையும் கேட்காமல் போடாதீர்கள்.

"அண்ணா, உங்க நம்பருக்குத் தப்பா ஒரு ஓடிபி கோடு வந்துடுச்சு, சொல்லுங்க" என்று தெரிந்தவர் கணக்கிலிருந்தே கேட்பார்கள். அவர் கணக்கே திருடு போயிருக்கலாம். ஓடிபியைச் சொல்லாமல், நேராக அவருக்கு போன் போட்டுக் கேளுங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்கி 6 இலக்க பின் வைத்துவிடுங்கள், அம்மா, ஆயா போனிலும்தான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.