இதயக் கோளாறோடு பிறந்த பிள்ளை ஐசியூவில் இருக்கும்போது

என் மகன் பிறந்த அன்று சாயங்காலமே உதடு நீலம் பாய்ந்துவிட்டது. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறி இருப்பதாகச் சொன்னார்கள். ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னைக்குக் கொண்டு போனார்கள். கூடப் போனது என் வீட்டுக்காரர் மட்டும்; நான் சிசேரியன் தையலோடு விழுப்புரத்தில் கிடந்தேன். அந்த 25 நாளில் தெரிந்துகொண்டதை, இப்போது ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பால். பிள்ளைதான் பக்கத்தில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சலும் வந்த பிறகுதான் ஒரு சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து கையால் பீய்ச்சக் கற்றுக்கொடுத்தார். பிரசவமான சில மணி நேரத்திலேயே தொடங்குங்கள். அப்புறம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். முதலில் வரும் சீம்பால் ஒரு ஸ்பூன்கூடத் தேறாது, கவலைப்படாதீர்கள். பால் கொடுக்கத் தொடங்காத பிள்ளைக்கும் அதில் சில துளிகளைக் கன்னத்தின் உள்ளே தடவ முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் தடவுவார்கள். பால் டப்பாவில் உங்கள் பெயர், தேதி, பீய்ச்சிய நேரம் மூன்றும் இருக்க வேண்டும்.

நான்காம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது மானிட்டரில் ஆக்சிஜன் 78 என்று இருந்தது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்துப் பழகிய எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். என் மகனுக்கு உடம்பிலிருந்து வரும் கெட்ட ரத்தம் உடம்புக்கே போகிறது, நுரையீரலிலிருந்து வரும் நல்ல ரத்தம் நுரையீரலுக்கே போகிறது. இரண்டும் கலக்க ஒரு சின்ன வழிதான் இருக்கிறது. ஆபரேஷன் வரை அவனுக்கு 75 முதல் 85 வரை போதும் என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு வேறு. அதனால் முதல் நாளே கேளுங்கள்: "என் பிள்ளைக்கு எது சரியான எண்? எந்த எண்ணுக்கு வந்தால் நீங்கள் பயப்படுவீர்கள்?" அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தத் திரையை விட்டுவிட்டு என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

அந்தச் சின்ன வழி பிறந்த சில நாளில் தானாக மூடிவிடும். மூடாமல் வைக்கத்தான் புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்து பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போகிறது. அந்த மருந்தால் காய்ச்சல் வரலாம், சில நொடி மூச்சு நிற்கலாம். சிஸ்டர்கள் அதை எதிர்பார்த்துத்தான் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அந்த பம்ப் கத்தினால் தயங்காமல் கூப்பிடுங்கள்.

தொடும்போது தடவிக்கொடுக்க வேண்டாம். அந்தப் பிஞ்சு உடம்புக்கு அது கூச்சம், களைப்பு. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு, ஒரு கையைத் தலைமேலும் இன்னொரு கையைப் பாதத்திலும் வைத்து அப்படியே அசையாமல் இருங்கள். உதறிக்கொண்டிருந்த என் மகனின் விரல்கள் இரண்டு நிமிஷத்தில் அடங்கின. அவன் காலில் இருந்த பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு என் பெயர் எழுதியிருந்தது. அவனுக்கு அப்போது அதுதான் பெயர்.

ஊரிலிருந்து மை, அரைஞாண் கயிறு, திருநீறு எல்லாம் வரும். உள்ளே விடமாட்டார்கள், சண்டை போடாமல் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல உங்களால் முடியாது. என் தம்பி சாயங்காலம் ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுவான்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஆதார், ரேஷன் கார்டோடு ஒரே ஃபைலில் போட்டு, சேர்த்த அன்றே காப்பீட்டுக் கவுன்ட்டரில் காட்டுங்கள். எக்கோ ரிப்போர்ட் ஜெராக்ஸும் அதிலேயே இருக்கட்டும்.

ஆபரேஷனுக்கு முன்னால், முடிந்த பிறகு பிள்ளை எப்படி இருப்பான் என்று விவரமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என் மகனுக்கு ஒன்பதாம் நாள் செய்தார்கள். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. இதயத்தின் வீக்கம் வடிய இடம் வேண்டும் என்று இரண்டு நாள் நெஞ்சைத் தைக்காமல் மூடி மட்டும் வைத்திருந்தார்கள். முன்னாடியே சொல்லியிருந்ததால்தான் நின்று பார்க்க முடிந்தது.

வீட்டுக்குக் கிளம்பும் முன் சிரிஞ்சில் மருந்தை நீங்களே எடுத்துச் சிஸ்டரிடம் காட்டுங்கள், 0.3 மில்லியும் 3 மில்லியும் தூக்கக் கலக்கத்தில் ஒன்றாகத் தெரியும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, குடிப்பது குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வார்டு ஃபோன் நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது.