அளத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு

தூத்துக்குடி உப்பளத்தில் 19 வருஷம் உப்பு வாரினேன். புதிதாக வேலைக்கு வருகிற பெண்பிள்ளைகள் கால் வெடிப்புக்கு என்ன பூசலாம் என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். நான் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் சொல்வேன்.

அளத்தில் வெயில் மேலே இருந்து மட்டும் அடிக்காது. வெள்ளை உப்பில் பட்டுக் கீழே இருந்தும் முகத்தில் அடிக்கும். கடற்காற்றில் ஈரம் கூடினால் வேர்வை காயாது, உடம்புச் சூடும் இறங்காது. இவ்வளவு வேர்த்தும் நாங்கள் தண்ணீர் குடிக்கமாட்டோம். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே! விடியும் முன்னே அரைச் செம்பு குடித்துவிட்டு வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்வேன். முதலில் நீர்க்கடுப்பு வந்தது, பிறகு குளிர்காய்ச்சல், கடைசியில் சிறுநீரகக் கல். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவீங்க?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் மறைப்புக் கட்டுவதுதான் முதல் வேலை. நாலு கம்பு, இரண்டு பழைய சேலை, கழுவ ஒரு குடம் நல்ல தண்ணீர் போதும். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கட்டினோம். கழிப்பறை வேண்டும் என்று கங்காணியிடம் கேளுங்கள். தனியாகப் போகாமல் எல்லோரும் சேர்ந்தே போங்கள்.

தாகம் எடுக்கட்டும் என்று இருக்காமல் இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். நீராகாரமோ மோரோ கொண்டுபோங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொடி கரைத்தால் ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் முழுசாகப் போடவேண்டும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது பற்றவில்லை.

தீட்டு நாளில் வேர்வையும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து தொடையிடுக்கைப் புண்ணாக்கிவிடும். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை துணியை மாற்றுங்கள்.

நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே கங்காணியிடம் சொல்லி, கொட்டகைக்குள் பாக்கெட் போடும் வேலை கேளுங்கள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை வைத்து சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் செய்த ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. எங்கள் பாத்தியிலும் கலைந்தவர்கள் உண்டு. அப்போது பாவம் புண்ணியம் என்று பேசினோமே தவிர, வெயிலை யாரும் நினைக்கவில்லை.

பக்கத்தில் நிற்பவள் பேச்சுக் குழறி, ஆள் தெரியாமல் விழித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவள் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வண்டி வரும்வரை விசிறுவதை நிறுத்தாதீர்கள்.